குட்டிக்குப் பூசிய காவி

கருங்குரங்கு எங்கள் வீட்டுக்கு விறகு வண்டியில் வந்தது. அதைப் பனையோலைக் கடவப்பெட்டிக்குள் உட்காரவைத்து, மேலே இன்னொரு பெட்டியைக் கவிழ்த்து, நார்க்கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார்கள். வண்டிக்காரர் பெட்டியைத் தொழுவத்தில் இறக்கிவிட்டு, "பைய அவுங்க, கடிச்சிரும்" என்றார். அப்பா பையத்தான் அவிழ்த்தார். கடிக்கிற எதுவும் வெளியே வரவில்லை. ஒரு கறுத்த முகம் மெல்ல எழும்பி எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு, பிடிக்காத விருந்தாளிகளைப் பார்த்தாற்போல மறுபடி உள்ளே இறங்கிக்கொண்டது.

அதைக் கொன்று, லேகியம் கிண்டி, நான் சாப்பிட வேண்டும். அதற்காகத்தான் அதை மலையிலிருந்து பிடித்து வரச் சொல்லியிருந்தார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. காற்று உள்ளே போகும், வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பாளையங்கோட்டைக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தபோது, இதைக் 'கொஞ்சம் சளித்தொந்தரவு' என்று சொல்லியிருந்தார்கள். அங்கே போன முதல் மழைக்காலத்திலேயே குட்டு வெளிப்பட்டது. இளைப்பு வந்தால் மாமியார் என்னை நெல் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். நெல் தூசியில் இளைப்பு இன்னும் கூடும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கதவைத் திறந்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. கடைசியில் ஒரு நாள் என்னை அம்பாசமுத்திரத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார். குணமாக்கி அனுப்ப வேண்டும், தை பிறந்தும் குணமாகவில்லையென்றால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பேன் என்று அப்பாவிடம் சொல்லியனுப்பியிருந்தார். ரயில் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. அது எவ்வளவு பேரை எங்கெங்கே சேர்த்துவைத்ததோ, என்னைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து தள்ளியது.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில், ஆற்றங்கரையில். நொச்சி ஆவி, ஊமத்தை இலைப் புகை, கண்டங்கத்திரிக் கஷாயம் எல்லாம் பார்த்தாயிற்று. அப்புறம்தான் வைத்தியர் கருங்குரங்கைச் சொன்னார். நாங்கள் சைவர்கள். அடுத்த தெருவில் மீன் பொரித்தால் எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். அப்பா ஆடிப்போனார்.

"உயிருள்ளதாச்சே வே?"

"உயிருள்ளதுதான். ஆனா இலையத் தவிர வேறொண்ணும் திங்காது. பூச்சி புழு தொடாது. உம்மவிடச் சுத்த சைவம் வே அது" என்றார் வைத்தியர்.

இந்தப் பேச்சு அப்பாவைப் பிடித்துக்கொண்டது. நாலைந்து நாள் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து யோசித்தார். சைவப் பிராணியைச் சாப்பிட்டால் சைவம் கெடாது என்ற முடிவுக்கு வந்து, அம்மாவிடமும் சொல்லிவிட்டார்.

"ஆடும் இலைதானப்பா திங்குது?" என்று கேட்டேன்.

"வாயப் பொத்துளா" என்றாள் அம்மா. அதற்குப் பதில் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அனுமார் விஷயமும் எழுந்தது. பாபநாசத்தில் படித்துறைப் பக்கம் சாம்பல் நிறத்தில் நீண்ட வாலோடு குரங்குகள் வரும். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதுதான் அனுமார் வம்சம், இது வேறு சாதி என்றார் வைத்தியர். இரண்டுக்கும் முகம் கறுப்புத்தானே, இரண்டுக்கும் வால் அதே நீளம்தானே என்றேன். "இது மேமலையிலயே கிடக்கும். ராமர் வந்தப்பவும் இது மேலதான் இலை தின்னுட்டு இருந்திருக்கும்" என்றார். ராமாயணத்துக்கு வராத குற்றத்துக்காக அதைக் கொல்லலாம் என்று எனக்குப் புரிந்தது. சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்பது வேறு விஷயம்.

உடனே கொல்லக் கூடாது, ஒரு மண்டலம் ஆடாதோடையும் தூதுவளையும் தின்னக் கொடுத்து வளர்க்க வேண்டும், அப்போதுதான் மருந்து உடம்பில் ஊறும் என்றும் வைத்தியர் சொல்லியிருந்தார். அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்குத்தானே மருந்து.

தொழுவத்துத் தூணில் இடுப்புக் கயிறு கட்டி அதை உட்காரவைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் பளபளவென்று கறுப்பு. தலைமுடி மட்டும் செம்பட்டையாக, வெயிலில் பார்த்தால் பொன்னாக, காது வரை சிலுப்பிக்கொண்டு நிற்கும். எங்கள் ஊர்ச் செங்குரங்குகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது குரங்கு என்றே தோன்றவில்லை. செங்குரங்கு கையிலிருப்பதைப் பிடுங்கும், பல்லைக் காட்டும், கன்னத்துப் பைக்குள் கடலையை அடைத்துக்கொண்டு ஓடும். இதற்குக் கன்னப்பையே கிடையாது. திருடிச் சேர்த்துவைக்கிற எண்ணமும் கிடையாது. முதல் நாள் வாழைப்பழம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துப் பக்கத்தில் வைத்துவிட்டது. சோறு வைத்தேன், காக்கை தின்றது. தண்ணீர்ச் சட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஆடாதோடையை நீட்டினேன். வாங்கி, ஒரு ஓரத்தைக் கடித்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே துப்பியது. ஆடு தொடாததை நான் தொடுவேனா என்று கேட்ட மாதிரி இருந்தது. தூதுவளையில் பூவை மட்டும் பறித்துத் தின்றுவிட்டுக் கொடியை மாட்டுக்குப் போட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் சாவுக்கு நீயே ஒத்துழைக்க மாட்டாயா என்று கேட்கிற அளவுக்குக் கோபம். பிறகு நான் கேட்ட கேள்வியே எனக்குப் பிடிக்காமல் புளியமரத்தடிக்குப் போய்க் கொழுந்தாகப் பறித்து வந்தேன். அதைத் தின்றது. வாகை தின்றது. அத்தி இலையில் காம்பை மட்டும் மென்றுவிட்டு இலையை எறிந்தது. ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்து, இளசு எது முற்றல் எது என்று தேர்ந்துதான் வாயில் வைக்கும். தின்றபின் பானை மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். நடுநடுவே ஏப்பம் விடும். இலை தின்னும் பிராணிக்கு வயிறு பெரிதாகத்தான் இருக்கும் என்றார் வைத்தியர். நாங்களும் நம்பினோம்.

எனக்கு இளைப்பு வரும்போதெல்லாம் தொழுவத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவேன். நெஞ்சுக்குள் கர்கர் என்று சத்தம் கேட்கும். அப்போது அது மெல்வதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கும். அனுதாபமா, பயமா, இது என்ன புது மிருகம் என்ற யோசனையா, எனக்குத் தெரியவில்லை. நானும் பார்ப்பேன். இருவரில் ஒருவர் பிழைக்க மற்றவர் சாக வேண்டும் என்றுதான் அங்கே இருந்தோம். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது ஞாபகத்துக்கு வராது.

புரட்டாசியில் ஒரு விடியலில் தொழுவத்துக்குப் போன அம்மா கூப்பாடு போட்டாள். ஓடினேன். கருங்குரங்கின் மார்பில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்து, உடம்பு முழுக்கச் செந்நிற மயிர், சின்ன வெங்காயத் தோல் நிறம். கரிய கை இரண்டும் அந்தச் சிவப்பைச் சுற்றி வளைத்திருந்தன. இலை தின்ற வயிறு இதுதான்.

வீடு இரண்டுபட்டது. முதலில் தீட்டு. பசு ஈன்றால் தீட்டில்லை, நாய் போட்டாலும் இல்லை. குரங்குக்கு என்ன கணக்கு? "மனுசனுக்கும் மாட்டுக்கும் நடுவுல இருக்கே அது" என்று அப்பா பூஜை அறை வாசலில் நின்று குழம்பினார். குளித்துவிட்டுப் பூஜை செய்தார், பூஜை செய்தபின் எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி குளித்தார். அம்மாவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. பிள்ளை பெற்றவள் வீட்டில் இருக்கிறாள், அவ்வளவுதான். சுக்கும் பூண்டும் கருப்பட்டியும் இடித்துப் பிரசவக் காயம் உருட்டிக் கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தாள். அது உருண்டையைத் தள்ளிவிட்டது. வீணாக்குவானேன் என்று நான் தின்றேன். அன்றைக்கு மூச்சு லேசாக இருந்தது. மருந்து குரங்கிடமிருந்து வர வேண்டும் என்பது இதுதானோ என்றுகூட நினைத்தேன். மறுநாள் உருண்டையைத் தின்றும் இளைப்பு வந்தது.

"பிள்ளை பெத்தவள எப்படி வெட்டுவாவ?" என்று அம்மா கேட்டாள். அப்பா சைவத்துக்கு நியாயம் கண்டுபிடித்திருந்தார், இதற்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. வைத்தியரை அழைத்துவரச் சொன்னார்.

வைத்தியர் வந்து குட்டியைப் பார்த்ததும் முகம் மாறியது. அவர் வாழ்நாளெல்லாம் கண்டது செத்த கருங்குரங்கைத்தான். குட்டியோடு உயிராகப் பார்த்ததில்லை.

"பிடிச்சுக் கொடுத்தவன் ஏமாத்திட்டான் வே. கருங்குரங்கு செங்குட்டி போடுமா? இது கலப்பு. இல்லன்னா சாயம்."

"சாயமா?"

"மாட்டுக்குக் கொம்புல எண்ணெயும் கரியும் தடவிச் சந்தையில விக்கல? அப்படித்தான்."

துண்டைத் தண்ணீரில் நனைத்து, அரப்புத்தூள் போட்டு, கருங்குரங்கின் வாலைப் பிடித்துத் தேய்த்தார். அது பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. பிறகு திரும்பி அவர் கன்னத்தில் ஒன்று வைத்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். துண்டில் கறுப்பு ஒட்டவில்லை. ஆனாலும் வைத்தியர் விடவில்லை. அதன் தொடையின் உள்பக்கத்தில் வெள்ளையாக ஒரு திட்டு இருந்ததைக் கண்டுபிடித்துக் காட்டினார். சுத்தக் கறுப்பென்றால் இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்றார். பெண் கருங்குரங்கு எல்லாவற்றுக்கும் அந்த வெள்ளை உண்டு என்று வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"மார்கழியில வந்து பாக்கேன். குட்டி இப்படியே சிவப்பா இருந்தா இது ஆவாது, மலைக்கே பத்தி விட்டுரும். கறுத்துதுன்னா சாதி சுத்தம், வேலைய முடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டுக் கன்னத்தைத் தடவிக்கொண்டே போனார்.

எனக்கு அழுகை வந்தது. தை நெருங்குகிறது, இருந்த ஒரு மருந்தும் கலப்பாகிவிட்டது. அதே நேரம், அந்த அறை விழுந்ததை நினைத்துச் சிரிப்பும் வந்தது. குரங்கு பிழைத்ததே என்று நிம்மதியாகவும் இருந்தது. இந்த மூன்றையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியாமல் இளைப்பு வந்துவிட்டது.

கொஞ்ச நாளில் அது குட்டியை என் மடியில் விட ஆரம்பித்தது. கொழுந்து பறித்துக்கொண்டு போனால் குட்டியைத் தானே விலக்கி என் பக்கம் தள்ளிவிட்டுத் தின்னப் போய்விடும். வேலைக்கு ஆள் வைத்தாற்போல. குட்டி என் சேலையைப் பிடித்துக்கொண்டு முகத்தை அண்ணாந்து பார்க்கும். அப்படி மடியில் வைத்திருந்த ஒரு கார்த்திகை நாளில்தான் கவனித்தேன். வெளுத்த முகம் சாம்பலாகியிருந்தது. முதுகில் செம்பட்டைக்கு அடியில் கறுப்பு முளைத்திருந்தது. கைகளில் நன்றாகவே தெரிந்தது.

கருங்குரங்கு செங்குட்டிதான் போடும். குட்டி தானாகக் கறுக்கும். இது மலையில் எல்லாக் குரங்குக்கும் தெரிந்த விஷயம். எங்கள் ஊரில் அந்த நிமிஷம் எனக்கு மட்டும் தெரிந்தது.

அப்படியென்றால் இது சாதி சுத்தம். அப்படியென்றால் மருந்து இருக்கிறது. நான் பிழைப்பேன், பாளையங்கோட்டைக்குப் போவேன். குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அப்பாவிடம் காட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேனென்றால், மார்கழிக் கோலத்துக்குக் கரை போட அம்மா வாங்கிவைத்திருந்த காவிக்கட்டியை எடுத்துச் சிரட்டையில் தண்ணீர்விட்டுக் குழைத்துக் குட்டியின் முதுகில் பூசினேன். ஏன் செய்தேன்? கேட்டால் சொல்லத் தெரியாது. இரக்கம் என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் பூசும்போது அந்தத் தாய்மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது. காய்ந்த காவியின் தூள் என் மூக்கில் ஏறியது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பூச வேண்டியிருந்தது. குட்டி நக்கிவிடும், தாய் பேன் பார்க்கிற சாக்கில் உதிர்த்துவிடும். அம்மா காவிக்கட்டியைக் காணோம் என்று தேடினாள். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றேன்.

மார்கழியில் வைத்தியர் வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்த நாளுக்கு முந்தின நாள், குட்டியை மடியில் போட்டுக் காவி பூசிக்கொண்டிருந்தபோது தொழுவ வாசலில் நிழல் விழுந்தது. என் வீட்டுக்காரர். ரயிலிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தார். அப்பா வயலில் இருந்தார், அம்மா குளிக்கப் போயிருந்தாள். முழங்கை வரை காவியும் மடியில் குரங்குக் குட்டியுமாக என்னைப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

பிறகு கையிலிருந்த குடையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மருந்து சாப்பிட்டாச்சா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. குரங்கக் கொன்னு மருந்து பண்ணுதாவன்னு ஊருல பேச்சு வந்துட்டு. குரங்கத் தின்னவ என் அடுப்படிக்குள்ள வரக் கூடாதுன்னு அம்மா சொல்லுதா."

நான் கேட்டேன்: "அப்ப இளைப்போட வரலாமா?"

"அதுவும் கூடாதுங்கா." அவருக்கே சங்கடமாக இருந்தது. "மருந்து திங்கல, ஆனா இளைப்பு போயிட்டுன்னு சொல்லிரு. அம்மா முன்னால கொஞ்ச நேரம் சமாளிச்சிட்டா போதும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தனம் நடத்தச் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை, இளைப்பு வந்தது. காவித்தூளும் வைக்கோல் தூசியும் சேர்ந்து, அதுவரை வந்ததிலேயே பெரிதாக வந்தது. தரையில் கையை ஊன்றிக்கொண்டேன். குட்டி என் கழுத்தைப் பிடித்துத் தொங்கியது. தாய் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. அவர் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் முன்னால் வந்தார், பக்கத்தில் வந்தார், கடைசியில் பின்னால் உட்கார்ந்து என் முதுகைத் தாங்கிக்கொண்டார். என் நெஞ்சின் சத்தம் அவர் கைக்குத் தெரிந்திருக்கும். வெகுநேரம் அப்படியே இருந்தோம்.

மூச்சு தணிந்ததும் கேட்டார். "இதுதானா?"

தலையாட்டினேன்.

"இதுக்கா ஒன்ன அறைக்குள்ள போட்டுப் பூட்டினாவ?" என்றார். "நான் கிட்ட வந்தா ஒட்டிக்கிடும், எலும்புருக்கின்னுல்லா அம்மா சொல்லியிருந்தா."

கல்யாணமாகி அவ்வளவு காலத்தில் அவர் என் இளைப்பைப் பார்த்ததே அன்றுதான். நான் அழுதேன். அவரும் அழுதார். குட்டி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தது. அப்போதுதான் அவர் அதைக் கவனித்து, இதற்கு எதற்குக் காவி என்று கேட்டார். இது கறுத்துவிட்டால் என் மருந்துக்காக இதன் தாயைக் கொன்றுவிடுவார்கள் என்று சொன்னேன். மருந்து வேண்டாமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். பிறகு எதற்குப் பூசுகிறாய் என்றார். தெரியவில்லை என்றேன். கோர்ட்டில் இப்படிச் சாட்சி சொன்னால் தூக்கி எறிந்துவிடுவார்கள். அவர் அப்படியும் இப்படியும் யோசித்துவிட்டுக் காவிச் சிரட்டையை இழுத்து வைத்துக்கொண்டார்.

"வால விட்டுட்டியே" என்றார். "வைத்தியரு மொதல்ல வாலத்தான் பாப்பாரு."

விரலைத் தோய்த்து வாலில் நுனிவரை பூசினார். காதிலும் பூசினார்.

மறுநாள் வைத்தியர் எட்ட நின்றே பார்த்தார். கன்னத்தில் வாங்கிய அறை ஞாபகம் இருந்தது. சிவப்புத்தான், கலப்புத்தான், ஆகாது என்று சொல்லிவிட்டார். அப்பா வண்டி பூட்டினார். பாபநாசம் தாண்டி வண்டி போகிற தூரம்வரை நாங்களும் போனோம். அங்கிருந்து மரங்கள் அடர்ந்த மேட்டுக்கு என் வீட்டுக்காரர் பெட்டியைத் தோளில் சுமந்தார். பொசபொசவென்று மழை பெய்துகொண்டிருந்தது. நான் நின்று நின்று ஏறினேன். மேலே எங்கோ மரத்திலிருந்து ஹூ, ஹூ என்று ஒரு கனத்த குரல் வந்தது. பெட்டிக்குள் அசைவு தெரிந்தது.

அப்பா பெட்டியைத் திறந்தார். குட்டி கறுப்பாக இருந்தது. காவி முழுக்கக் கரைந்து ஓலைப் பொத்தல் வழியாக ஒழுகி, என் வீட்டுக்காரரின் முதுகிலிருந்து வேட்டி முழங்கால் வரை சிவந்து கிடந்தது. அப்பா வேட்டியைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏளா, இது ஒன் மருந்துல்லா" என்றார். கண் நிறைந்துவிட்டது.

"ஆமப்பா."

மூடியை மறுபடி கவிழ்க்க அவருக்கு ஒரு கை போதும். கை மூடியின்மேல்தான் இருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூடுங்கள் என்றும் சொல்லவில்லை. சொல்ல மூச்சும் இல்லை. அப்பா இடுப்புக் கயிற்றை அறுத்தார். அது குட்டியை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு பக்கத்து மரத்தில் ஏறியது. போனதும் போய்விடவில்லை. முதல் கிளையில் உட்கார்ந்து ஒரு கொழுந்தைத் திருப்பிப் பார்த்து, இளசுதானா என்று சரிபார்த்துத் தின்றது. அப்புறம்தான் மேலே போனது.

மூன்றாம் நாள் ரயிலடியிலிருந்து பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு நெஞ்சு கர்கர் என்றுகொண்டிருந்தது. மாமியார் நடைவாசலை மறித்துக்கொண்டு நின்றார். என்னைக் கேட்கவில்லை, மகனைக் கேட்டார்.

"மருந்து தின்னாளா?"

"இல்ல."

"இளைப்பு போச்சா?"

சொல்லிக்கொடுத்த பதிலுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல" என்றார்.

"பின்ன எதுக்குலே கூட்டிட்டு வந்தே?"

அவர் மாமியாரைத் தாண்டி உள்ளே நுழைந்தார். என் பெட்டியைக் கூடத்தில் வைத்தார். நெல் அறைக்குப் போய், வெளித் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்து முற்றத்தில் போட்டார். அதுவரை அடுப்படிக்குள் காலடி வைத்திராத மனிதர், நேரே உள்ளே போய் எனக்கு வெந்நீர் போட அடுப்பைப் பற்றவைக்கத் தொடங்கினார். அவருக்குப் பற்றவைக்கத் தெரியவில்லை. வீடெல்லாம் புகை. நான் இருமிக்கொண்டே உள்ளே போய் ஊதுகுழலை வாங்கப் போனேன். கொடுக்க மாட்டேன் என்றார். அவர் நகக்கண்ணில் காவி இன்னும் போகாமல் இருந்தது.